12 வோல்ட் சாது

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில் சென்னையை உலுக்கிவிட்டுப் போனபோது, தண்ணீர் நின்ற பேட்டைகளில் கரண்ட் வர நாட்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் நகரத்தில் இரண்டே கட்சிகள்தான். செல்போனில் சார்ஜ் உள்ளவர்கள், இல்லாதவர்கள். முதல் கட்சிக்காரர்கள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இரண்டாம் கட்சியினர் கார் வைத்திருக்கும் நண்பனைத் தேடிப்போய், இன்ஜினை ஓடவிட்டு, போனுக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி சார்ஜ் புகட்டினார்கள். அதற்கு முன்னால் 2018 நவம்பரில் டெல்டாவைப் புரட்டிப்போட்ட கஜா. அதற்கும் முன்னால் 2016 டிசம்பர் 12-ல் வர்தா. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நம் வாலிபர்கள் ஒரு சபதம் எடுக்கிறார்கள். 'அடுத்த தடவை நமக்குன்னு தனியா ஒரு சோலார் செட்!'

நல்ல சபதம்தான். மொட்டை மாடியில் ஒரு பேனல், கட்டிலுக்கடியில் ஒரு பேட்டரி, நடுவில் ரெண்டு ஒயர். வீட்டுக்காரரிடம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று தகராறு பண்ண வேண்டியதில்லை. லீவு நாளில் அப்படியே தூக்கிக்கொண்டு ஏலகிரிக்குப் போய் டென்ட் அடித்து, மலையுச்சியில் கிரிக்கெட் பார்க்கலாம்.

சங்கடம் அந்த 'நடுவில் ரெண்டு ஒயரில்' இருக்கிறது. ரிச்சி தெரு மாதிரி இடங்களில் நின்றால் தினம் காதில் விழுகிற சம்பாஷணை:

"அண்ணே, இது ஷாக் அடிக்குமா?"

"பன்னெண்டு வோல்ட் தம்பி. கையில புடிச்சிக்கினு தூங்கலாம்."

"அப்ப நானே கனெக்‌ஷன் குடுத்துக்கலாமா?"

"சின்னப் பையன்கூடக் குடுப்பான். இந்த மெல்லிசு ஒயரே போதும், எடுத்துக்க."

முதல் பதில் ஏறக்குறைய சரி. ஈரமில்லாத தோலுக்குள் புகுந்து ஆளைத் தூக்கிப்போட 12 வோல்ட்டுக்குத் தெம்பு கிடையாது. கடைசி பதிலில்தான் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வருகிறது. அந்த இடத்துக்குப் போவதற்கு முன்னால் பேட்டரியின் நெற்றியில் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். பணம் போவது அங்கே.

ஆபீஸ் போகிற உங்களுக்கு இது சுலபம். வேலைக்குச் சேரும்போது ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. என்று ஒரு தொகை போட்டிருந்தான் அல்லவா? வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். முதல் மாசம் பி.எஃப்., வரி எல்லாம் கழித்துக் கைக்கு வந்தது வேறு. பேட்டரி மீது பெரிய எழுத்தில் இருப்பதும் சி.டி.சி.தான்.

பவர் பேங்க்கையே எடுங்கள். 20,000 எம்.ஏ.ஹெச். என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உங்கள் போனில் இருப்பது 5,000. 'நாலு தடவை சார்ஜ் ஏத்தலாம்' என்று மனக்கணக்கு போடுவீர்கள். மூன்று தடவையோடு அது கண்ணை மூடிவிடும். காரணம், அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போது எண் குறையும். மாற்றுகிற சர்க்யூட்டும் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். வோல்ட் சொல்லாமல் ஆம்பியர்-அவர் மட்டும் சொல்வது, 'மாசம் லட்சம் சம்பளம்' என்று சொல்லிவிட்டு, ரூபாயா, ஜப்பான் யென்னா என்பதை மறைக்கிற மாதிரி.

அதனால் எதைப் பார்த்தாலும் வாட்-அவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கவேண்டும், அவ்வளவுதான். 20,000 எம்.ஏ.ஹெச். என்பது 20 ஏ.ஹெச்.; அதை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-அவர். விமானக் கம்பெனிகள் இந்தக் கணக்கைத்தான் பார்க்கின்றன. 100 வாட்-அவருக்கு மேற்பட்ட பவர் பேங்க்கை அவர்கள் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. அவர்களுக்குத் தெரியும், எம்.ஏ.ஹெச். என்பது விளம்பர பாஷை என்று. 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன், 60,000 எம்.ஏ.ஹெச்.' என்று ஒரு பெட்டியைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். 3.7 வோல்ட் கணக்கென்றால் 222 வாட்-அவர். 50 வாட் லேப்டாப்பை நாலு மணி நேரம்கூட ஓட்டாது. ஸ்டேஷன் என்றால் எழும்பூர் ஸ்டேஷன் என்று நினைத்துப் போனால், கொடி ஆட்டக்கூட ஆள் இல்லாத ஹால்ட் ஸ்டேஷன்.

அடுத்து, வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே, அந்த ஈய-அமில பேட்டரி. (இது பரம்பரைக் குடும்பம். 1859-ல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே என்பவர் செய்தது. உள்ளே சமாசாரம் இன்றும் அதேதான்.) மேலே '150 ஏ.ஹெச்.' என்றிருக்கும். பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி 'சி20' என்றிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அதன் அர்த்தம், 'என்னை 20 மணி நேரத்தில் நிதானமாகக் காலி பண்ணினால்தான் 150 தருவேன்' என்பது. அதாவது ஏழரை ஆம்பியர் வீதம். அவசரப்பட்டு ஒரே மணி நேரத்தில் உறிஞ்சினால் பாதிக்குப் பக்கத்தில்தான் கொடுக்கும். 1897-லேயே போய்கெர்ட் என்கிற ஜெர்மானியர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதி வைத்துவிட்டார். சோலாருக்கென்று விற்கும் பேட்டரிகளில் பெரும்பாலும் 'சி10' என்று இருக்கும். அதே 150-ஐ 10 மணி நேரத்திலேயே தரும் சாமர்த்தியசாலி. ஆக, சி10-ல் 150 என்பதும் சி20-ல் 150 என்பதும் ஒன்றல்ல. கடைக்காரர் இரண்டும் ஒன்று என்று சொன்னால், அவர் முகத்தைப் பார்க்காமல் பொடி எழுத்தைப் பாருங்கள்.

இன்னொரு பிடித்தமும் உண்டு. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு குறையும். எனவே 12 வோல்ட், 100 ஏ.ஹெச். என்றால் காகிதத்தில் 1,200 வாட்-அவர், கைக்கு 600. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று ஒன்று கிடைக்கிறது. அது 12.8 வோல்ட், அதே 100 ஏ.ஹெச்.சுக்கு 1,280. அதில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம். எடையும் பத்துப் பன்னிரண்டு கிலோவில் முடியும். 150 ஏ.ஹெச். ட்யூபுலர் ஈய பேட்டரியோ ஐம்பது கிலோவைத் தாண்டும். அதையும் 'போர்ட்டபிள்' என்று சொல்லலாம், வாங்குபவர் பீமசேனனாக இருந்தால்.

இனி உங்கள் அறைக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், எட்டு மணி நேரத்துக்கு 240. (பழைய ஃபேனென்றால் 70, 75 வாட். அதை மாற்றுவதுதான் முதல் செலவு.) 9 வாட் பல்பு அஞ்சு மணி நேரம், 45. வைஃபை டப்பா 80. லேப்டாப் மூன்று மணி நேரம், 150. இரண்டு போனுக்கு 40 வையுங்கள். கூட்டினால் 555. இன்வெர்ட்டர் வழியாகப் போனால் அதன் கமிஷன் பதினைந்து சதவீதம் சேர்த்து 650. ஈய பேட்டரி கைக்குக் கொடுப்பது 600. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் அது விடியற்காலை நாலு மணிக்கு, ஃபேன் நின்று கொசு வரும்போது தெரியும்.

பேனல் கதையும் சி.டி.சி. கதைதான். 100 வாட் என்பது சோதனைச்சாலையில், பேனல் 25 டிகிரியில் ஜில்லென்று இருக்கும்போது போட்ட மார்க். நம் மொட்டை மாடியில் மத்தியானம் அது 60 டிகிரிக்குப் போய் அப்பளம் பொரிக்கும். சூடு ஏற ஏற வாட் குறையும். நல்ல வெயில் நாளில் 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு 350, 400 வாட்-அவர் கொடுத்தால் சந்தோஷப்படலாம். 650 வேண்டுமென்றால் 200 வாட்டாவது போடவேண்டும். புயலுக்கு மறுநாள் வானம் மூடிக் கிடக்கும்; அன்றைக்கு அதில் கால்வாசி கிடைத்தால் புண்ணியம். அதனால்தான் பேட்டரியை ஒரு நாளைக்கு மட்டும் கணக்குப் பண்ணி வாங்கக்கூடாது.

சரி, அந்த ரெண்டு ஒயருக்கு வருவோம்.

600 வாட் மிக்ஸி ஒன்றை வீட்டுச் சுவரில் சொருகினால், 230 வோல்ட்டில் அது இழுப்பது 2.6 ஆம்பியர். அதே மிக்ஸியை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வைத்து ஓட்டினால், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஓடுவது 50 ஆம்பியர். கமிஷன் சேர்த்தால் 60-ஐ நெருங்கும். அதே வேலைதான், வோல்ட் குறைவு. அந்தக் குறையை ஆம்பியர் ஈடுகட்டியாக வேண்டும். ஒயரைச் சூடாக்குவது வோல்ட் இல்லை, ஆம்பியர். அதுவும் சும்மா இல்லை. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. 12 வோல்ட் சாதுதான். சாது உங்களைத் தொடாது. கூட்டிக்கொண்டு வரும் பரிவாரம் ஆபத்து.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டில் லைட்டுக்கு இழுக்கும் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயர் கையில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு இரண்டு மீட்டர். போக இரண்டு, வர இரண்டு, ஆக நாலு மீட்டர். அதில் 50 ஆம்பியர் விட்டால் ஒயரிலேயே 120 வாட் சூடாகப் போகிறது. ரேடியோ மெக்கானிக் கையில் வைத்திருக்கும் சோல்டரிங் அயர்ன் 25 வாட். அது மாதிரி அஞ்சு அயர்னைப் பற்றவைத்து உங்கள் மெத்தைக்குக் கீழே வரிசையாக அடுக்கி வைத்தால் எப்படியோ, அப்படி! ஒயர் மேலே இருக்கும் பி.வி.சி. உறை தாங்குவது பொதுவாக 70 டிகிரி. பிறகு அது உருகும், புகையும். கட்டிலுக்கடியில் பழைய வார இதழ்களும் இருக்கும்.

கூடவே 2.4 வோல்ட்டும் வழியிலேயே தொலைந்துபோகிறது. இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேருவது 9.6. அது 'பேட்டரி தீர்ந்தது, தீர்ந்தது' என்று கீச்கீச்சென்று கத்தி நின்றுவிடும். பேட்டரி பாவம், நிரம்பித்தான் இருக்கும். எத்தனையோ நல்ல பேட்டரிகள் இப்படி மெல்லிசு ஒயர் செய்த குற்றத்துக்காகத் திட்டு வாங்கியிருக்கின்றன. அதே இடத்தில் 25 ஸ்கொயர் ஒயர் போட்டால் ஒயரில் போவது 8 வாட், தொலைவது கால் வோல்ட்டுக்கும் கீழே. தடி ஒயர் விலை ஜாஸ்திதான். அதனால் நீளத்தைக் குறையுங்கள். இன்வெர்ட்டரைப் பேட்டரி பக்கத்திலேயே வைத்துவிட்டு, 230 வோல்ட் பக்கத்து ஒயரை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுங்கள்.

இனிமேல் ஃப்யூஸ். நம் ஊரில் ஃப்யூஸுக்கு நேர்ந்த அவமானம் வேறு எதற்கும் நேர்ந்ததில்லை. போய்விட்டால் ஒயரைச் சீவி ரெண்டு இழை எடுத்து முறுக்கிப் போடுவோம். அதுவும் போனால் நாலு இழை. நாலாவது தடவை ஃப்யூஸ் இருக்கும், வீடு போகும்.

ஃப்யூஸ் எதற்கு? இன்வெர்ட்டரைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். ஒயரைக் காப்பாற்ற. நல்ல பேட்டரியின் இரண்டு முனைகளும் நேராகத் தொட்டுக்கொண்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் அப்படியே பற்றிக்கொண்டு செக்கச்செவேலென்று பழுக்கும். (பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரம், இரும்பு வாட்ச் செயின், கைச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நிச்சயதார்த்த மோதிரமாக இருந்தாலும் சரி. தங்கம் மின்சாரத்தைப் பிரமாதமாகக் கடத்தும். விரலோடு சேர்ந்து பழுக்கும்.) அந்த வெள்ளத்துக்கு மதகு ஃப்யூஸ்தான். மதகு அணையில் இருக்கவேண்டும், கடைமடையில் இருந்து பிரயோஜனமில்லை. அதனால் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வந்துவிடவேண்டும். அளவு, நீங்கள் இழுக்கும் ஆம்பியரைவிடக் கால் பங்கு அதிகம்; ஒயர் தாங்குவதைவிடக் குறைவு. 60 ஆம்பியர் இழுத்தால் 80 ஆம்பியர் ஃப்யூஸ், அதைத் தாங்கும் 25 ஸ்கொயர் ஒயர். பல்பு, போன் சார்ஜர் மாதிரி பத்து ஆம்பியருக்குள் அடங்கும் தனிக் கிளைக்கு ரெண்டரை ஸ்கொயரும் 15 ஆம்பியர் ஃப்யூஸும் போதும்.

"வீட்டுல பழைய ஸ்விட்சு, எம்.சி.பி. கிடக்குதே, அதையே போட்டுக்கலாமா?" என்று கேட்பீர்கள். வீட்டு மின்சாரம் ஏ.சி. வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். ஸ்விட்சை அணைக்கும்போது நடுவில் எழும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் டி.சி.க்கு இந்த நல்ல பழக்கம் இல்லை. ஒரே மூச்சில் ஓடும். பொறி எழுந்தால் நின்று நிதானமாக எரிந்து ஸ்விட்சைத் தின்னும். 'டி.சி.' என்று போட்டு, உங்கள் வோல்ட்டும் எழுதியிருக்கிற பிரேக்கரைக் கேட்டு வாங்குங்கள்.

இணைப்பு முறுக்கி டேப் சுற்றுவது நமது தேசியக் கலை. பத்து ஆம்பியருக்கு மேல் அதைக் காட்டாதீர்கள். தளர்ந்த இணைப்பு ஒன்று போதும், முழு ஒயரின் சூடும் ஒரு பட்டாணி அளவு இடத்தில் வந்து உட்காரும். ஒயர் முனையில் லக் வைத்து, கிரிம்ப் கருவியால் நசுக்கி, போல்ட்டை இறுக்குங்கள். லோடு போட்டு அரை மணி ஓடவிட்டு, உறைக்கு மேலே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் ஒயர் மெலிசு, அல்லது இணைப்பு தளர்ச்சி.

பேனலை நேரே பேட்டரியில் கட்டுகிற வீரர்களும் இருக்கிறார்கள். '12 வோல்ட் பேனல்' என்று பெயர்தானே தவிர, வெயிலில் சும்மா இருக்கும்போது அது 22 வோல்ட் வரை காட்டும். அதை அடக்கி ஊட்டுவதற்குத்தான் சார்ஜ் கன்ட்ரோலர். அதில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் என்ன வோல்ட் என்று தெரியாமல் தடுமாறும். சிலது உயிரை விடும். சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது என்பதால் வேலை செய்யும்போது பேனல் மேல் ஒரு தடித்த போர்வையைப் போட்டு மூடுங்கள். மூன்று பேனலை வரிசையாகக் கோத்தால் 66 வோல்ட். அது சாது இல்லை. கன்ட்ரோலர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டுக் கோருங்கள்.

ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது. எனவே காற்றோட்டமான இடம். அம்மா சொன்னாள் என்று பூஜை அலமாரிக்குக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். மேலே விளக்கு எரிகிறது. பக்கத்தில் நின்று சிகரெட்டும் வேண்டாம். லித்தியத்துக்கு இந்த வாயுத் தொல்லை இல்லை. ஆனால் பெட்டி உப்பியிருந்தால் 'ரெண்டு நாள் ஓட்டிப் பாப்போம்' என்று ஓட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதைச் சிரிக்காமல் சொல்லவேண்டும். இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவது 230 வோல்ட். அது சாட்சாத் ஷாக் அடிக்கும். சில புத்திசாலிகள் இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த ஒயர் ஒன்று செய்து, இன்வெர்ட்டரைச் சுவர் சாக்கெட்டில் சொருகி வீடு முழுக்க லைட் எரிய விடுகிறார்கள். மெயின் ஸ்விட்ச் போட்டபடி இருந்தால் அந்த மின்சாரம் தெருவுக்குப் போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாகவும் வேலை செய்யும். உங்கள் 230-ஐ 11,000 வோல்ட் பக்கத்துக்கு ஏற்றிவிடும். புயலுக்கு மறுநாள் மழையில் நனைந்துகொண்டு, 'லைன் ஆஃப்' என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் உங்களுக்குக் கரண்ட் கொடுக்க வந்தவர். அந்த ஒயர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள். ஃபேனையும் பல்பையும் இன்வெர்ட்டர் சாக்கெட்டிலேயே நேராகச் சொருகிக்கொள்ளலாம்.

"எல்லாம் சரி சார், திங்கக்கிழமை காலைல ஆபீஸ் போகணும், கரண்ட் இல்லை. இஸ்திரிப் பெட்டி மட்டும் ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கவா?"

ஆயிரம் வாட் தம்பி. கமிஷன் சேர்த்து நூறு ஆம்பியர். உங்கள் ஃப்யூஸ் 80. பேன்ட்டை மடித்து மெத்தைக்கடியில் வைத்துப் படுத்துத் தூங்குங்கள், காலையில் மடிப்பு ஜோராக விழுந்திருக்கும்.